ஊர் வேடிக்கை பார்க்கவா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகளுக்கு 23 வயது. சின்ன வயதில் நடந்த விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான அழகிப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். ‘விழிப்புணர்வுக்காக’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அண்ணனோ, “ஊர் வேடிக்கை பார்க்கவா?” என்று ஒரே பிடியாக மறுக்கிறார். ஏற்காடு கோடை விழாவுக்குப் போனபோதுகூட அவளைக் காரில் உட்கார வைத்துவிட்டுத்தான் நாங்கள் லேடீஸ் சீட் காட்சிமுனையைப் பார்த்துவிட்டு வந்தோம். உங்கள் கருத்து என்ன?

எஸ்., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணன் சொல்வதை ஓர் அரசாங்கமே சொல்லியிருக்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்த பெண்களுக்காக 2008இல் அங்கோலாவில் ஓர் அழகிப் போட்டி நடந்தது. முதல் பரிசு, செயற்கைக் கால். (கால் என்ன, போட்டியில் ஜெயித்து வாங்க வேண்டிய பொருளா?) அடுத்த ஆண்டு கம்போடியாவில் நடத்தப் போனபோது, மாற்றுத்திறனாளிகளின் கௌரவத்துக்கு இழுக்கு என்று அரசு தடுத்துவிட்டது. எனக்கு அந்தப் போட்டி பிடிக்கவில்லை. ஆனால் மேடையேறத் தயாராக நின்ற பெண்களின் கௌரவத்தை வேறு யாரோ முடிவு செய்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1972 முதலே சக்கர நாற்காலிப் பெண்களுக்கான போட்டி உண்டு. அங்கே அழகுக்கு மதிப்பெண் கிடையாது, சாதனைக்கும் பேச்சுக்கும்தான். 2017இல் போலந்தின் வார்சாவில் உலகப் போட்டியே நடந்தது. கேட்கும் திறன் குறைந்தோருக்கான உலக அழகிப் பட்டத்தை 2019இல் நம் நாட்டு விதிஷா பலியான் வாங்கினார்.

அமெரிக்க முறைதான் உயர்ந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். சேலமே கொண்டாடியது, சரிதான். அதற்காக ஒவ்வொரு மாற்றுத்திறனாளியும் எதையாவது தாண்டிக் காட்டினால்தான் நிமிர்ந்து பார்ப்போம் என்றால் எப்படி? பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, நாலு பேர் பார்க்க வர வேண்டும் என்று 23 வயதுப் பெண் ஆசைப்படுவதில் என்ன தப்பு? அதை அவள் ‘விழிப்புணர்வு’ என்று சொல்லி நியாயப்படுத்த வேண்டியதும் இல்லை.

அந்த விழிப்புணர்வு மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பழைய பொதுக் கட்டடங்களையும் இவர்கள் புழங்கும்படி மாற்ற, விதிகள் வந்த 2017இலிருந்து ஐந்தாண்டு கெடு இருந்தது. அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. உங்கள் தெருமுனை வங்கியில் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். லேடீஸ் சீட்டில் அவளைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தீர்களே, அதற்கும் அவள் கால் மட்டுமா காரணம்?

போகட்டும். போகலாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா? “ஆள் வைத்துத் தூக்கிவிடுவோம்” என்றார்களானால் அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், அவள் படத்தை நன்கொடை கேட்கும் நோட்டீஸில் போடமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.