என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. தன்பால் ஈர்ப்புள்ள எனக்கு மேடையில் கவிதை சொல்வது உதவுமா?

உதவும் என்றே நம்புகிறேன். "நான் யார் என்பதில் குழப்பமில்லை, ஆனால் என் குரலைக் கேட்டாலே கூசுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குரலைக் குறித்தும் யாரோ சிறுவயதில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியில், பேச்சுப் போட்டிக்குத் தேர்வாகியிருந்த என்னை, "ஆம்பளை மாதிரி பேசத் தெரியாதவனை மேடையேத்தினா நம்ம பேருதான் கெடும்" என்று சொல்லி ஆசிரியர் ஒருவர் பட்டியலிலிருந்து நீக்கினார். அன்றுமுதல் தொண்டையை இறுக்கி, குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினேன். அம்மாவிடம் பேசும்போதும் அதே குரல்தான். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எங்கள் உறவுகளை, அவற்றைக் குற்றமாகக் கருதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தபோது அழுது மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சியை நண்பர்களிடம் சொன்னதும் அந்த இறுக்கிய குரலில்தான்.

பிறகு சென்னையில், விரும்பும் எவரும் மேடையேறக்கூடிய ஓர் ஓபன் மைக் நிகழ்ச்சிக்காக இந்தக் குரலைப் பற்றியே கவிதை எழுதினேன். ஒத்திகையில் எந்த வரியும் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். சொற்களை மாற்றியும் வரிகளைச் சுருக்கியும் பயனில்லை. ஓர் இரவு, அறையில் யாரும் இல்லாதபோது தொண்டையைத் தளரவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதே வரி ஒரே மூச்சில் முடிந்தது. நம் கவியரங்குகளில் ஒரு வரியை இருமுறை சொல்லும் வழக்கம் உண்டல்லவா, அதையே கையாண்டு, ஒவ்வொரு வரியையும் முதலில் தாழ்த்திய குரலிலும் பின்னர் என் குரலிலும் மேடையில் சொன்னேன். தொடக்கத்தில் சிலர் மிமிக்ரி என்று எண்ணிச் சிரித்தார்கள். பாதிக்குமேல் சிரிப்பு நின்றது; கடைசிப் பத்தியில் தாழ்த்திய குரலை அறவே விட்டுவிட்டேன். மெல்லிய, சொற்களின் இறுதியில் சற்றே உயரும் என் குரலை ஒலிபெருக்கியில் நானே கேட்டபோது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எனக்கு உறுதியாயிற்று.

இதை ஆங்கிலம் படித்த மாநகரத்தாரின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி 'வெள்ளை மொழி' என்ற தம் தன்வரலாற்றைத் தாமே தனிநடிப்பாக மேடையேற்றியவர் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மேடையேறாதவர்களைத் துணிவற்றவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. தெரிந்தால் வீடும் வேலையும் பறிபோகும் நிலையில் இருப்பவர் பேசாமல் இருப்பதில் தவறேதுமில்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அமெரிக்கக் கவிஞர் மார்க் ஸ்மித் 1986இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்லாம் என்னும் மேடைக்கவிதைப் போட்டியில், பார்வையாளர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த ஐவர் பத்துக்கு மதிப்பெண் இடுவார்கள். கவிதையை எளிய மக்களிடம் கொண்டுசேர்க்கும் நல்ல நோக்கம்தான்; ஆனால் காயத்துக்கு மதிப்பெண் கூடும் என்று தெரிந்துவிட்டால் நாம் காயங்களை மட்டுமே எழுதத் தொடங்கிவிடுகிறோம். என் காதலன் மீன்குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய கவிதையை ஒதுக்கிவிட்டு, அடிபட்ட கதையைச் சொல்லுமாறு ஓர் அமைப்பாளர் என்னைக் கேட்டார். மறுத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. உங்கள் மகிழ்ச்சியும் மேடைக்கு உரியதே.

முதன்முறை போட்டியில்லாத நிகழ்ச்சிக்குச் செல்லுங்கள். வீட்டாருக்கு இன்னும் தெரியாது என்றால், காணொளி எடுக்கவோ வெளியிடவோ கூடாது என்று அமைப்பாளரிடம் முன்னதாகவே எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.