போன சுவை திரும்புமா?

கேள்வி: சில மாதங்கள் மட்டுமே விற்பனைக்கு வந்த ஒரு கிரீம் பிஸ்கட்டின் காலி உறையை என் மகள் பாடப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறாள். பாளையங்கோட்டைச் சந்தையில் எந்தக் கடையில் கேட்டாலும் ‘இப்ப அது வாரதில்லம்மா’ என்கிறார்கள். வாடிக்கையாளர்கள் கேட்டால் அந்தச் சுவை மீண்டும் வருமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வந்ததுண்டு. அமெரிக்காவில் 1908-இல் அறிமுகமான ‘ஹைட்ராக்ஸ்’ கிரீம் பிஸ்கட், 1912-இல் பிறந்த ஓரியோவுக்கு மூத்தது; இருந்தும் அதையே ஓரியோவின் நகல் என்று பலர் நினைத்தது வேடிக்கைதான். 2003-இல் அதன் தயாரிப்பு நின்றது. ரசிகர்கள் தொலைபேசியிலும் கையெழுத்து இயக்கத்திலும் விடாமல் கேட்டதால், நூற்றாண்டை ஒட்டி 2008-இல் கெல்லாக்ஸ் நிறுவனம் அதைச் சிறிது காலம் மீண்டும் தயாரித்தது. 2015-இல் வேறொரு நிறுவனம் அப்பெயரைப் பெற்றுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓரியோவின் ‘ரெட் வெல்வெட்’ சுவையும் 2015-இல் குறுகிய காலத்துக்கென வந்து, பின்னர் திரும்பியதுதான்.

ஆனால், குறுகிய காலச் சுவை பெரும்பாலும் நிறுத்துவதற்கென்றே தொடங்கப்படுகிறது. ‘தீர்ந்துவிடும்’ என்ற பரபரப்பே அதன் பாதி விற்பனை. தனிக் கிரீம், தனி அச்சு உறை, சுவை மாறும்போது இயந்திரத்தைக் கழுவும் நேரம் எனச் செலவும் கூடும். தூத்துக்குடி மக்ரூனுக்கு இந்தக் கவலை இல்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி இருந்தால் அடுப்படியிலேயே முடிந்துவிடும்.

உங்கள் மகளிடம் அந்த உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். பின்புறம் நுகர்வோர் தொடர்பு முகவரி இருக்கும். சுவையின் பெயரைக் குறிப்பிட்டு அவளே எழுதட்டும்.