தந்தை, தம்பி, அம்மா: உறவுச்சொற்கள் குறித்த கேள்வி பதில்

அம்மாபேட்டையிலிருந்து ஒருவர்: 'தந்தை' என்ற சொல் எப்படி உருவானது?

சங்க காலத்தில் 'எந்தை' என்றால் என் தந்தை, 'நுந்தை' என்றால் உன் தந்தை, 'தந்தை' என்றால் அவருடைய தந்தை. தாய்க்கும் இவ்வாறே யாய், ஞாய், தாய் என மூன்று வடிவங்கள் இருந்தன. 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்' என்னும் குறுந்தொகை 40ஆம் பாடலின் அடிகளில் இவற்றுள் நான்கினை ஒருசேரக் காணலாம். யாருக்கு உறவு என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருந்த சொல் அது. சேலத்தில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவோர் தம் 'தந்தெ', 'தண்ட்ரி' ஆகியவற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆத்தூரிலிருந்து ஒருவர்: அப்படியானால் 'என் தந்தை' என்று எழுதுவது பிழைதானே? எங்கள் ஆசிரியர் அப்படித்தான் திருத்துவார்.

பிழையன்று. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் 'எந்தை தந்தை தந்தை தந்தை தம் மூத்தப்பன்' என்று தலைமுறைகளை அடுக்கும்போது, முதலில் நிற்பவர் மட்டும் பாடுபவருடைய தந்தை. அடுத்தடுத்து வருவோர் முன்னவரின் தந்தையர் என்பதைச் சொல்லின் முதலெழுத்தே காட்டிவிடுகிறது. அந்த நுட்பம் பிற்காலப் பேச்சில் மங்கி, 'தந்தை' பொதுச்சொல்லாக நிலைத்துவிட்ட பிறகு, 'என்' என்று முன்னே சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'என் எந்தை' என்று எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்: தம்பி, தங்கை?

அதே முறைதான்: எம்பி, நும்பி, தம்பி, எங்கை, நுங்கை, தங்கை. தமக்கை என்பது தம் அக்கை. தமையன் என்பது தம் ஐயன். தம்பியைத் 'தம் பின்' பிறந்தவன் என்று விளக்குவர். மூத்தவனுக்குத் 'தம்முன்' என்ற சொல் இருந்தது அவ்விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒருவர்: 'அம்மா'வில் அ உயிர், ம் மெய், மா உயிர்மெய், தாய் உயிரும் மெய்யும் தருகிறாள் என்பதே அதன் பொருள் அல்லவா?

அல்ல. அப்பா, அக்கா, அண்ணா, அத்தா ஆகிய எல்லாச் சொற்களிலும் அதே உயிர், மெய், உயிர்மெய் வரிசைதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம் அம்மாவுக்கு உரிய விளக்கம் ஆகாது. எழுத்தைப் பிரித்துப் பொருள் கட்டாதீர்கள். சொல்லின் பழைய வடிவங்களையும் இனமொழி வடிவங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஓமலூரிலிருந்து ஒருவர்: 'அம்மா' என்பதில் உயிர், மெய்...

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர்: பாவாணர் பணியாற்றிய ஊரில் இருந்துகொண்டு, சொல்லைப் பிரிக்காதீர்கள் என்கிறீர்களே!

தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அவருடைய முடிவுகள் சிலவற்றை நான் ஏற்பதில்லை. ஆயினும் அவர் தெலுங்கையும் கன்னடத்தையும் மலையாளத்தையும் ஒப்பிட்டு, சொல்லின் வேரைத் தேடினார். எழுத்து வகையை எண்ணிப் பொருள் சொல்வதை அவர் பெயரால் நியாயப்படுத்துவது அவருக்குச் செய்யும் அநீதி.

எடப்பாடியிலிருந்து ஒருவர்: மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்திலும் தந்தையை 'அப்பா' என்கிறார்களே, அது தமிழிலிருந்து போனதா?

குழந்தை உதட்டைச் சேர்த்துப் பிரித்தாலே வரும் ஒலிகள் ப, ம ஆகியவை; ஆகவே தொடர்பற்ற மொழிகளிலும் அவை பெற்றோரைக் குறிக்கின்றன. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தெதா' என்றால் தாய். இத்தகைய சொற்களைக் கொண்டு மொழியுறவை நிறுவ இயலாது. எழுத்தைப் பிரிக்காதீர்கள் என்றதைப் போலவே, ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரியிலிருந்து ஒருவர்: சான்றிதழில் 'தகப்பனார்' என்றிருப்பதைத் 'தந்தை' என மாற்ற வேண்டுமா?

பொருள் ஒன்றே. மாற்ற வேண்டுமா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.