எரிமலை மேல் பழி

கேள்வி: வடதுருவப் பனிக்கட்டிக்கு அடியில் எரிமலை தேடி ரோபோ விடுகிறார்களாம். இங்கே பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். எரிமலை யாருக்கு வேண்டும்? துருவத்தில் பனி உருகுவதே அதனால்தான் என்றும் படித்தேன்.
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: விலை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் அந்த ரோபோக்களை 2007இல் இறக்கியது அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம். உங்கள் தேயிலைக் காசு அங்கே போகவில்லை.

எரிமலை யாருக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அதன்மேல் பழி போடுகிறீர்கள். ஆக, உங்களுக்கே வேண்டியிருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருவோம். கிரீன்லாந்துப் பக்கம் தொடங்கி சைபீரியா நோக்கி 1,800 கி.மீ. ஓடும் கடலடி மலைத்தொடர், காக்கெல் முகடு. அங்கே கடல்தரை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் விரிகிறது. உங்கள் நகம் அதைவிட வேகமாக வளரும். அவ்வளவு மந்தமான இடத்தில், 4,000 மீட்டர் ஆழத்தில், எரிமலை வெடித்துச் சிதறிய கண்ணாடித் துகள்கள் பரவிக் கிடந்தன. அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்தில் எரிமலைக் குழம்பு கசியுமே தவிர வெடிக்காது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

போன ரோபோக்களின் பெயர் பூமா, ஜாகுவார். வேறு கடலில் கோளாறு என்றால் மேலே வந்து மிதக்கலாம். இங்கே தலைக்கு மேல் பனிக்கூரை. அது நகர்ந்துகொண்டே இருப்பதால், இறங்கிய துவாரம் திரும்பும்போது அதே இடத்தில் இருக்காது. கடல்நீருக்குள் ரேடியோ அலையும் எடுபடாது. ஒலி ஒன்றுதான் துணை. பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது, மூடுபனியில் எதிர்வண்டியின் ஹாரனை வைத்தே கொண்டை ஊசி வளைவில் திரும்புவோமே, அந்தக் கதைதான்.

அப்புறம் உங்கள் குற்றச்சாட்டு. எரிமலையின் வெப்பம் நாலு கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டி வந்து பனியை உருக்க வேண்டும். மேலே உள்ள பனியை அது பெரிதாகப் பாதித்ததாகக் கருதவில்லை என்று ஆய்வுக் குழுவே 2008இல் சொல்லிவிட்டது. ரோபோ போகாமல் இருந்திருந்தால் அதை யார் சொல்லியிருப்பார்கள்?

வரிப்பணக் கணக்குத்தான் கேட்க வேண்டுமென்றால், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கேளுங்கள். 2024 டிசம்பரில், இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்துக் கொதிநீர் ஊற்றை ரோபோவை வைத்துப் படம் பிடித்ததாக அறிவித்தார்கள்.

அது சரி, பனி உருகுவது எரிமலையால் என்று எந்தப் பத்திரிகையில் படித்தீர்கள்? நம்முடையதாக இருந்துவிடப் போகிறது!