ஒரு கோல் போட்டதும் ஏன் பின்னால் போகிறார்கள்? – கேள்வி பதில்

பெரிய தொடர்களில் தேசிய அணிப் பயிற்சியாளர்கள் ஏன் இவ்வளவு ஜாக்கிரதையாக ஆடவைக்கிறார்கள் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பதினைந்து வருடமாகச் சிறுவர்களுக்குக் கால்பந்து பயிற்சி கொடுக்கிறேன். உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஆட்டங்களை நிறுத்தி நிறுத்தி இரண்டாவது தடவை பார்க்கும் பழக்கமும் உண்டு. அப்படித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கிளப்பில் பறந்து பறந்து ஆடுகிறவர்கள் நாட்டுக்காக ஆடும்போது மட்டும் ஏன் தயங்குகிறார்கள்? பயிற்சியாளர்தான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் நேரம். கிளப் பயிற்சியாளருக்கு வருடம் முழுக்க ஆட்கள் கையில் இருக்கிறார்கள். தேசிய அணிப் பயிற்சியாளருக்குத் தொடருக்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் பெரிய விஷயம், அதிலும் சிலர் நீண்ட சீசன் ஆடிக் களைத்துப்போய் வருவார்கள். பந்து பறிபோன அடுத்த நொடி எல்லோரும் ஒன்றாகப் பிரெஸ் பண்ணுவது, அதாவது ஓடிப்போய் நெருக்கிப் பந்தைப் பிடுங்குவது, நூற்றுக்கணக்கான தடவை பழகினால்தான் வரும், ஒருவர் அரை நொடி பிந்தினாலும் அவர் பின்னால் பெரிய ஓட்டை திறந்துவிடும். தடுப்பாட்டம் அப்படி இல்லை. நெருங்கி நில், பெனால்டி பெட்டிக்கு முன்னால் ஆள் இருக்கட்டும், செட் பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி) யார் யாரைப் பிடிக்க வேண்டும், இவ்வளவையும் பத்து நாளில் ஒழுங்கு பண்ணிவிடலாம். அதனால் அதில் தொடங்குவதை நான் தப்பு சொல்லமாட்டேன்.

கேள்வி: ஆனால் இப்படி ஆடி யாராவது கோப்பை ஜெயித்திருக்கிறார்களா சார்?

பதில்: நிறைய. 2004 யூரோவில் ஓட்டோ ரெஹாகலின் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே ஜெயித்தது. 2016இல் போர்ச்சுகல் குழுவில் மூன்று ஆட்டமும் டிரா, மூன்றாமிடத்தில் தப்பித்து வந்தது. அந்தத் தொடரில் 90 நிமிடத்துக்குள் அவர்கள் ஜெயித்தது வேல்ஸுக்கு எதிரான அரையிறுதி ஒன்றைத்தான், ஆனாலும் கோப்பை அவர்கள் கையில். அழகாக ஆடியது என்று நாம் கொண்டாடும் 2010 உலகக் கோப்பை ஸ்பெயினே ஏழு ஆட்டத்தில் எட்டு கோல்தான் போட்டது, நாக் அவுட்டில் நான்கும் 1-0. அவர்கள் பந்தை வைத்துக்கொண்டே தடுப்பாட்டம் ஆடினார்கள் என்பது என் கருத்து, எதிராளியிடம் பந்தே இல்லை என்றால் எப்படிக் கோல் போடுவான்?

கேள்வி: இப்போது தொடரின் அமைப்பே ஜாக்கிரதையாக ஆடுகிறவர்களுக்குத்தான் சாதகம் என்கிறார்களே?

பதில்: ஆமாம். 2016இலிருந்து யூரோவில் 24 அணிகள், மூன்றாமிடம் பிடித்த நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். 48 அணி உலகக் கோப்பையில் அப்படி எட்டு. தோற்காமல் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்றால் முதல் ஆட்டத்திலேயே யார் துணிவார்கள்?

கேள்வி: இங்கிலாந்துப் பயிற்சியாளராக இருந்த சவுத்கேட் நல்ல பயிற்சியாளரா, இல்லை ஒரு தங்கத் தலைமுறையை வீணடித்தவரா? (இதையே வேறு வேறு மாதிரி ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள்)

பதில்: முதலில் அவருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். 2014 உலகக் கோப்பையில் குழுச் சுற்றோடு வெளியே, 2016 யூரோவில் ஐஸ்லாந்திடம் தோல்வி என்று கிடந்த இங்கிலாந்தை அவர் 2018 உலகக் கோப்பை அரையிறுதிக்கும் அடுத்தடுத்து இரண்டு யூரோ இறுதிக்கும் கொண்டுபோனார். அவர் வருவதற்கு முன்னால், 1966க்கு அப்புறம் அவர்களுடைய ஆண்கள் அணி ஒரு பெரிய இறுதியையும் பார்த்ததில்லை. அவரைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் இத்தாலிக்கு எதிரான யூரோ இறுதி ஆட்டம். இரண்டாவது நிமிடத்திலேயே இங்கிலாந்துக்குக் கோல். அந்தக் கோலை இன்னொரு தடவை பாருங்கள். வலது விங்பேக் (ஓரமாக மேலேயும் கீழேயும் ஓடும் தடுப்பாட்டக்காரர்) ட்ரிப்பியர் கிராஸ் போடுகிறார், இடது விங்பேக் லூக் ஷா தூரத்துக் கம்பத்துக்கு ஓடி வந்து அடிக்கிறார். பின்னால் மூன்று பேரை நிறுத்திய, பார்த்தால் தடுப்பாட்டம் போலத் தெரிகிற ஃபார்மேஷனில் இரண்டு விங்பேக்கும் சேர்ந்து போட்ட கோல் அது! இரண்டாம் பாதியில் அதே இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள், சொந்தப் பெட்டியின் ஓரத்தில். மூன்று பேர் வரிசை ஐந்து பேர் வரிசையாகிவிட்டது.

இதற்கு யாரும் வெளியிலிருந்து "பின்னால் போ" என்று கத்த வேண்டியதே இல்லை. விங்பேக் இரண்டு அடி பின்வாங்குவார். அவருக்கு முன்னால் நிற்கிற நடுகளக்காரர் அந்த இடைவெளியை அடைக்கத் தானும் இறங்குவார். அப்புறம் பந்தைத் தூக்கி வெளியே அடித்தால் முன்னால் வாங்குவதற்கு ஸ்டிரைக்கர் ஒருத்தர்தான், அவரைச் சுற்றி எதிரணி ஆள் இரண்டு பேர், ஐந்து நொடியில் பந்து திரும்ப வந்துவிடும். வந்ததும் எல்லோரும் இன்னும் இரண்டு அடி இறங்குவார்கள். என் பசங்களிடமே இதை வாரா வாரம் பார்க்கிறேன், பதினோரு வயதுப் பையனும் ஒரு கோல் போட்டதும் தன் கோல் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அந்த நேரத்தில் ஆட்களை மேலே தள்ளுவதுதான் பயிற்சியாளரின் வேலை.

இத்தாலிப் பயிற்சியாளர் மான்சினி 54, 55ஆவது நிமிடங்களில் இரண்டு பேரை மாற்றிவிட்டார். இங்கிலாந்தின் முதல் மாற்றம் 67இல் பொனூச்சி சமன் செய்த பிறகுதான். 2018 அரையிறுதியிலும் இதே கதை: ஐந்தாவது நிமிடத்தில் ட்ரிப்பியரின் ஃப்ரீ கிக், 68இல் பெரிசிச், 109இல் மாண்ட்சுகிச், குரோஷியா இறுதிக்குப் போய்விட்டது.

பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்ற அந்த 2021 இறுதியில் ராஷ்ஃபோர்டையும் சான்ச்சோவையும் பெனால்டிக்காக மட்டும் கடைசி நிமிடத்தில் இறக்கியது எனக்கு இன்னும் வலிக்கிறது. பந்தை ஒழுங்காகத் தொடக்கூட நேரம் கிடைக்காத இரண்டு பேரையும், 19 வயது சாகாவையும் அதன் பிறகு அவ்வளவு கேவலமாகத் திட்டினார்களே, அது மன்னிக்க முடியாதது.

கேள்வி: 2024 யூரோ அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரர்களை வைத்துத்தானே அவர் ஜெயித்தார்?

பதில்: அதனால்தான் ஆதங்கமே. நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியில் 81ஆவது நிமிடத்தில் பால்மரும் வாட்கின்ஸும் உள்ளே வந்தார்கள், ஆட்டம் முடியும் நேரத்தில் பால்மர் கொடுக்க வாட்கின்ஸ் போட்டார். ஸ்பெயினுக்கு எதிரான இறுதியிலும் பால்மர் வந்த மூன்றாவது நிமிடத்தில் கோல். அப்படிப்பட்ட ஆளைத் தொடர் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட முதலில் இறக்கவில்லை. 86இல் ஸ்பெயினின் ஒயர்சபால் போட்டு எல்லாம் முடிந்தது.

கேள்வி: பின்னால் ஐந்து பேர் என்றாலே பயந்த அணிதானே?

பதில்: இல்லை. 2014இல் வான் ஹாலின் நெதர்லாந்து அப்படி நின்றுதான் நடப்புச் சாம்பியன் ஸ்பெயினை 5-1 என்று நொறுக்கியது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பந்து கிடைத்ததும் எத்தனை பேர் முன்னால் ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, அப்படியென்றால் லீட் எடுத்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறீர்களா?

பதில்: அதையும் சொல்லமாட்டேன். 2018இல் ஜப்பான் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 முன்னிலையில் இருந்து 2-2 ஆன பிறகு, கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் தங்களுக்குக் கிடைத்த கார்னருக்கு ஆட்களை முன்னால் அனுப்பினார்கள். பெல்ஜியக் கோல்கீப்பர் கூர்த்துவா பந்தைப் பிடித்து டி ப்ரூய்னவிடம் உருட்டினார், பத்து நொடிபோல ஆகியிருக்கும், சாட்லி கோல் போட்டுவிட்டார். அதே ஜப்பான் 2022இல் ஸ்பெயினுக்கு எதிராக முதல் பாதி முழுக்கப் பதுங்கிக் கிடந்தது, இடைவேளையில் மிட்டோமாவையும் டோவானையும் இறக்கி ஆறே நிமிடத்தில் இரண்டு கோல் போட்டது. மொத்த ஆட்டத்தில் பந்து அவர்களிடம் இருந்தது 18 சதவீதம்போலத்தான். பதுங்குவதற்கு ஒரு முடிவு நேரம் வைத்திருந்தார்கள், அது வந்ததும் எழுந்தார்கள். அந்த நேரம் இல்லாமல் பதுங்குகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: ஜாக்கிரதையான ஒரு பயிற்சியாளர் சரியான நேரத்தில் துணிந்த ஆட்டம் ஒன்று சொல்லுங்களேன், பார்க்கிறேன்.

பதில்: 2006 உலகக் கோப்பை அரையிறுதி, டார்ட்மண்டில் ஜெர்மனியும் இத்தாலியும். லிப்பியின் இத்தாலி அந்தத் தொடர் முழுக்க வாங்கியது இரண்டே கோல், ஒன்று சொந்தக் கோல், இன்னொன்று பெனால்டி. 90 நிமிடம் 0-0. ஜெர்மனி அதுவரை உலகக் கோப்பையில் ஒரு ஷூட் அவுட்டிலும் தோற்றதில்லை, இத்தாலியோ 1990, 94, 98 மூன்றிலும் ஷூட் அவுட்டில்தான் வெளியே போயிருந்தது. லிப்பி கூடுதல் நேரத்தில் நடுகளத்திலிருந்து ஆட்களை எடுத்துவிட்டு யாக்விண்டாவையும் டெல் பியரோவையும் இறக்கினார், ஜிலார்டினோ ஏற்கெனவே உள்ளே இருந்தார். 119ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வெளியே வந்த பந்து பிர்லோ காலுக்கு வரும், அங்கே நிறுத்திப் பாருங்கள். அவர் அவசரப்படவே மாட்டார், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே நாலு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, பார்க்காத திசையில் கிரோசோவுக்கு நழுவவிடுவார்.