பென் ஹோகன்: பத்து வறண்ட வருஷங்களும் ஒரு பேருந்தும்

கேள்வி: சார், எனக்கு கோல்ஃப் தெரியாது. பென் ஹோகன் யார் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1912-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஸ்டீபன்வில்லில் பிறந்தவர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சுற்றான பிஜிஏ-வின் 64 போட்டிகளில் வென்றார். மேஜர் எனப்படும் பெரிய பட்டங்கள் மட்டும் ஒன்பது: யு.எஸ். ஓபன் நான்கு, மாஸ்டர்ஸ் இரண்டு, பிஜிஏ சாம்பியன்ஷிப் இரண்டு, பிரிட்டிஷ் ஓபன் ஒன்று. இந்த நான்கையும் வென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆள் உயரமும் இல்லை, பருமனும் இல்லை.

கேள்வி: வறுமையில் வளர்ந்தவர் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். அப்பா கொல்லர். ஹோகனுக்கு ஒன்பது வயதானபோது துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் குடும்பம் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்திருந்தது. பையன் செய்தித்தாள் விற்றான். பதினோரு வயதில் க்ளென் கார்டன் மைதானத்தில் கேடியாகச் சேர்ந்தான், அதாவது ஆடுபவர்களின் கிளப்கள், பந்தடிக்கும் மட்டைகள், உள்ள பையைச் சுமக்கும் வேலை. அதே இடத்தில் அதே வேலை பார்த்த இன்னொரு பையன் பைரன் நெல்சன். 1927 கிறிஸ்துமஸ் சமயத்தில் கேடிகளுக்கென ஒரு போட்டி நடந்தது. இருவரும் சமநிலையில் முடித்தார்கள், சமநிலையை முறிக்க நடந்த கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் நெல்சன் வென்றார். பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களான இருவர் ஒரே மைதானத்தில் பை சுமந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கேள்வி: 1930-லேயே தொழில்முறைக்கு வந்தவர் 1940 வரை தனியாக ஒரு போட்டிகூட வெல்லவில்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. எல்லாரும் 1949-ல் நடந்த கார் விபத்தைத்தான் கேட்பார்கள். என்னைப் பொறுத்தவரை ஹோகனின் கதை இந்தப் பத்து வருஷங்களில்தான் இருக்கிறது.

அவருடைய நோய் ஹூக். வலது கைக்காரர் அடித்த பந்து பறக்கும்போதே வேகமாக இடப்பக்கம் வளைவதை அப்படிச் சொல்வார்கள். கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், அது வீசப்படும் பாதையைவிட இடப்பக்கம் மூடியிருந்தால் பந்து அப்படிச் சுழலும். தாழ்வாகப் போகும், தரையில் விழுந்த பிறகும் நிற்காமல் ஓடி புல்லுக்குள்ளோ மரத்தடியிலோ போய்ச் சேரும். ஒரு சுற்றில் இரண்டு முறை நடந்தாலே பரிசுப் பணம் போச்சு. கையில் காசில்லாமல் அவர் பாதியிலேயே ஊர் திரும்பியதும் உண்டு.

சக ஆட்டக்காரர் ஹென்றி பிக்கார்டின் ஆலோசனை தவிர, மருந்தை யாரும் கொண்டுவந்து தரவில்லை. விடியலிலிருந்து இருட்டும்வரை பந்தடித்துத் தானே தேடினார். 1940-ல் பைன்ஹர்ஸ்ட்டில் முதல் வெற்றி, அதை ஒட்டி மேலும் இரண்டு. அப்போதும் ஹூக் முழுசாகப் போகவில்லை. போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்துவிட்டு வந்த பிறகு, 1946 வாக்கில்தான் பிடி கிடைத்தது. இடது கையைச் சற்றுத் திருப்பி, கட்டைவிரல் கிளப் தண்டின் மேல் நேராக அமரும்படி பிடித்தார். கிளப் உச்சிக்குப் போகும்போது இடது மணிக்கட்டைப் பின்பக்கமாகக் கொஞ்சம் மடக்கினார். இப்படிச் செய்தால் முகம் திறந்துகொள்ளும், எவ்வளவு வேகமாக அடித்தாலும் அளவுக்கு மேல் மூடாது. பந்து லேசாக வலப்பக்கம் சாய்ந்து மெதுவாக இறங்கும். இதுதான் ஃபேட். முதல் மேஜர் பட்டமும் அதே 1946-ல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 34.

கேள்வி: 1949 விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2. ஃபீனிக்ஸில் ஆடிவிட்டு மனைவி வேலரியுடன் காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். டெக்சஸின் வான் ஹார்ன் அருகே மூடுபனி. எதிரே ஒரு பாலத்தில் லாரியை முந்த முயன்ற பேருந்து நேராக வந்து மோதியது. கடைசி நொடியில் மனைவியைக் காக்க அவர் பக்கம் பாய்ந்தார். ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்தது. அந்தப் பாய்ச்சல் ஹோகனின் உயிரையும் காத்தது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் எல்லாம் முறிவு. அப்புறம் ரத்தக் கட்டிகள் நுரையீரலுக்குப் போக ஆரம்பித்தன. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த டாக்டர் ஆல்டன் ஆக்ஸ்னர், கீழுடம்பிலிருந்து இதயத்துக்குப் போகும் பெருநாளத்தையே கட்டிவிட்டார். உயிர் பிழைத்தது, ஆனால் கால்களின் ரத்த ஓட்டம் பிறகு ஒருபோதும் பழையபடி ஆகவில்லை.

கேள்வி: அந்தக் காலோடு 1950 யு.எஸ். ஓபனை எப்படி வென்றார்?

தொடை வரை மீள்பட்டை சுற்றிக்கொண்டு. அன்று கடைசி நாளில் 36 குழிகள் ஆட வேண்டும், அதாவது இரண்டு முழுச் சுற்று நடை. மெரியன் மைதானத்தில் பாதியிலேயே கால் மரத்துப்போனது, முன்னிலையும் கரைந்தது. கடைசிக் குழியில் பார் எடுத்தால்தான், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடிகளுக்குள் முடித்தால்தான், சமநிலை. 200 கஜத்துக்கு மேலிருந்து, கிளப்களிலேயே அடிக்கக் கடினமான ஒன்-அயர்னை எடுத்து, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில் சேர்த்தார். மறுநாள் பிளேஆஃபில் அவர் 69 அடிகள், லாயிட் மாங்ரம் 73, ஜார்ஜ் ஃபாசியோ 75. கோல்ஃபில் அடி குறைந்தவருக்கே வெற்றி.

கேள்வி: 1953-ல் மூன்று மேஜர் வென்றவர் நான்காவதையும் ஏன் வெல்லவில்லை?

ஆடவே முடியாது. பிஜிஏ முடிவதும், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓபன் தகுதிச் சுற்று தொடங்குவதும் ஒன்றோடொன்று மோதின. தவிர, பிஜிஏ அப்போது ஒருவருக்கு ஒருவர் ஆடும் முறை, சில நாட்களில் 36 குழிகள். அந்தக் கால்கள் தாங்காது. மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன் இரண்டையும் வென்றுவிட்டு கார்னூஸ்டிக்கு முன்கூட்டியே போய், அங்கே புழங்கிய சிறிய பந்தில் பழகினார். 73, 71, 70, 68. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட மேல். அந்த வருஷம் ஆறு போட்டிகள் ஆடி ஐந்தில் வெற்றி. பிரிட்டிஷ் ஓபனில் வாழ்நாளில் ஆடியது அந்த ஒரே முறைதான்.

கேள்வி: ஸ்னீட், நெல்சன், ஹோகன், யார் பெரியவர்?

மூவரும் 1912-ல் பிறந்தவர்கள். வெற்றிகளின் எண்ணிக்கையில் சாம் ஸ்னீட். கடினமான மைதானத்தில் ஒரே ஒரு சுற்றை ஆடித் தரச் சொன்னால் நான் ஹோகனைத்தான் கூப்பிடுவேன்.

கேள்வி: ஐந்தாவது யு.எஸ். ஓபன் கைநழுவியது எப்படி?

1955, சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப். ஹோகன் முடித்ததும் அவரே வெற்றியாளர் என்று தொலைக்காட்சியில் வாழ்த்தினார்கள். அயோவாவிலிருந்து வந்த, அதிகம் அறியப்படாத ஜாக் ஃபிளெக் கடைசிக் குழியில் பந்தைப் போட்டுச் சமன் செய்தார். அவர் ஆடியது ஹோகன் கம்பெனி கிளப்களில்! மறுநாள் பிளேஆஃபின் கடைசிக் குழிக்கு வரும்போது ஹோகன் ஒரே ஒரு அடிதான் பின்தங்கியிருந்தார். அங்கே டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், கால் வழுக்கி, பந்து இடப்பக்கம் வளைந்து உயர்ந்த புல்லுக்குள் போனது. ஃபிளெக் 69, ஹோகன் 72. அத்தனை பாடுபட்டு விரட்டிய அந்த ஹூக் அன்றைக்கா வரவேண்டும்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கேள்வி: கடைசிக் காலத்தில் எப்படி ஆடினார்?

கிரீன் வரை பழைய ஹோகன்தான். பட்டிங்தான், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதுதான், கெட்டது, கிளப்பைப் பின்னால் எடுக்கவே கை வராமல் பந்தின் மேல் அப்படியே நிற்பார். ஆனாலும் 1967 மாஸ்டர்ஸ் மூன்றாம் சுற்றைத் தேடிப் படியுங்கள். வயது 54, ஏற்ற இறக்கமான அகஸ்டா மைதானம், அதே கால்கள். கடைசி ஒன்பது குழிகளை 30 அடிகளில் முடித்தார், மொத்தம் 66. ஒவ்வொரு கிரீனுக்கும் அவர் ஏறி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.