விபத்தைக் கண்டால் வண்டியை எங்கே நிறுத்துவது, கையை எங்கே வைப்பது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இரவு நேரம், நெடுஞ்சாலையில் காரில் வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து விளக்கை அடித்து அடித்து விரட்டிக்கொண்டே வந்த ஒரு கார், தவறான பக்கமாக என்னை முந்திப் போய், முன்னால் சென்ற மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டு நிற்காமல் பறந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காரைத் துரத்திப் பிடிக்கத்தான் முதலில் தோன்றியது. விழுந்தவர் அருகே நாலைந்து பேர் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணி வந்துவிட்டேன். மருத்துவம் தெரியாத நான் நின்றிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? ஏதாவது தவறாகச் செய்து பழி என்மேல் விழுந்திருக்காதா? அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை."

துரத்தாமல் விட்டது மிகச் சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாறுமாறாக ஓட்டுபவரைப் பிடிக்க வேண்டுமானால் அவரைவிட வேகமாக ஓட்டியாக வேண்டும். அதே சாலையில் அப்படி ஓட்டும் இரண்டாவது ஆள் நீங்களாகிவிடுவீர்கள். விபத்தில் தொடர்புள்ள ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதை 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே வலியுறுத்துகிறது. ஏறத்தாழ எல்லா நாடுகளின் சட்டங்களிலும் அது ஓட்டுநரின் கடமை. நிற்காமல் போனவரைத் தேடுவது காவல்துறையின் வேலை. வண்டியின் நிறம், வகை, பதிவெண்ணில் கண்ணில் பட்ட சில எழுத்துகள், அது போன திசை ஆகியவற்றை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிக்கொள்ளுங்கள்; வாயால் சொன்னது எளிதில் மறக்காது. வண்டியில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு பிறகு பேசும். அதற்குமேல் அந்தக் காருக்காக நீங்கள் செலவிடும் ஒவ்வொரு நொடியும் தரையில் கிடப்பவரிடமிருந்து எடுத்த நொடி.

"அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நீங்கள் நினைத்ததற்காக உங்களை நீங்களே கல்நெஞ்சர் என்று முடிவு கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர்களான ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததாக ஒலிபெருக்கி வழியாகக் கேட்டபோது, தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உதவிக்கு எழுந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தவர்கள் 31 விழுக்காட்டினரே. அதே டார்லி, டேனியல் பாட்சனுடன் 1973இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வழியில் முனகிக்கொண்டு கிடந்த மனிதரைக் கண்டு நின்றவர்கள், அவசரமில்லாத இறையியல் மாணவர்களில் 63 விழுக்காடு, அவசரமாகச் சென்றவர்களில் 10 விழுக்காடு. கூட்டமும் அவசரமும் சேர்ந்தால் நல்ல மனமுள்ளவரின் காலையும் கட்டிப்போட்டுவிடும் என்பதை இவை காட்டுகின்றன. வேகமாக ஓடும் வண்டிக்குள் இருப்பவருக்கு அந்த இரண்டும் எப்போதும் உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சச்சரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் யாராவது ஒருவர் குறுக்கிட்டு உதவியிருந்தார். மக்கள் உதவ மாட்டார்கள் என்று நாம் பேசிக்கொள்வது அவ்வளவு உண்மையில்லை. ஓடி வந்தவர்களுக்கு எதை முதலில் செய்வது என்று தெரியாததுதான் பெரும்பாலும் சிக்கல், நின்றிருந்தால் நீங்கள் பயன்பட்டிருக்கக்கூடிய இடமும் அதுவே.

மருத்துவம் தெரியாதவர் செய்யக்கூடிய முதல் காரியத்தில் மருத்துவமே இல்லை. அடுத்து வரும் வண்டி அதே இடத்தில் மோதாமல் தடுப்பதுதான் அது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும்; ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதித்து நிற்பதற்குள் 50 மீட்டருக்கும் மேல் ஓடியிருக்கும், இருட்டிலும் மழையிலும் இன்னும் அதிகம். ஆகவே விபத்து நடந்த இடத்தைச் சற்றுக் கடந்து, சாலையை விட்டு ஓரமாக இறக்கி நிறுத்துங்கள். நான்கு முனை விளக்குகளையும் மினுக்க விடுங்கள். இறங்குமுன் கண்ணாடியில் பின்னால் பாருங்கள், ஏனென்றால் உதவப் போனவரே அடிபடும் விபத்துகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. எச்சரிக்கை முக்கோணம் இருந்தால் வண்டிகள் வரும் திசையில் சாலையோரமாகவே நடந்து போய், சாதாரணச் சாலையில் 50 மீட்டருக்குக் குறையாமலும் வேகச் சாலையில் 100 மீட்டருக்கு அப்பாலும் வையுங்கள். முக்கோணம் இல்லையென்றால் ஒருவரைப் போன் விளக்கோடு ஓரத்தில் நிறுத்தி அசைக்கச் சொல்லலாம். மோதிய வண்டியின் எஞ்சினை அணைக்க வேண்டும். அருகில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. மின்கம்பி அறுந்து விழுந்திருந்தால் 10 மீட்டருக்குள் போகவே கூடாது. மின்சார வண்டியாக இருந்தால் வெளியே தெரியும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள்.

அடுத்தது போன். இங்கேதான் கூட்டம் நம்மை ஏமாற்றும். ஆறு பேர் நிற்கும் இடத்தில் ஒருவர்கூட ஆம்புலன்ஸுக்குப் பேசாமல், மற்றவர் பேசியிருப்பார் என்று இருந்துவிடுவது மிகச் சாதாரணம். "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் யாரும் அசைய மாட்டார்கள். ஒருவரை நேராகப் பார்த்து, "நீலச் சட்டை போட்டிருக்கும் ஐயா, நீங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்திலேயே நில்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உடனே செய்வார். எந்தச் சாலை, எந்தத் திசையில் போகும் பக்கம், அருகிலுள்ள கிலோமீட்டர் கல் அல்லது பாலம் எது, எத்தனை பேருக்கு அடி, யாருக்காவது நினைவில்லையா, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பவற்றைச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை வைக்காதீர்கள். என்ன செய்வது என்று அவரே படிப்படியாகச் சொல்லித் தருவார்.

இனி அடிபட்டவரிடம் வருவோம். ரத்தம் கொட்டுகிறதா, மூச்சு வருகிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். எந்த ஆம்புலன்ஸும் அதற்குள் வருவது கடினம் என்பதால், அந்த நிமிடங்கள் முழுக்க முழுக்க அங்கே நிற்பவர்களின் கையில்தான் இருக்கின்றன. கிடைத்த சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், உடல் எடை இறங்கும்படி அழுத்துங்கள். தொற்று பயம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டால் போதும். பயிற்சி வகுப்புகளில் ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: அழுத்திய ஒரு நிமிடத்துக்குள் "நின்றுவிட்டதா?" என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உறைந்துகொண்டிருந்த ரத்தம் துணியோடு பெயர்ந்து, பெருக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடமாவது கையை எடுக்காதீர்கள்; துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். காயத்தில் கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல், அதன் இரு பக்கத்திலும் அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ எவ்வளவு அழுத்தியும் நிற்காத பெருக்குக்கு மட்டும், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணிப் பட்டையைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்கலாம். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டிய பிறகு மருத்துவமனை வரை தளர்த்தாதீர்கள்.

மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நினைவிழந்தவரிடமிருந்து குறட்டை போன்ற சத்தம் வந்தால், "தூங்குகிறார், மூச்சு நன்றாக வருகிறது" என்று சுற்றி நிற்பவர்கள் நிம்மதி அடைவதுண்டு. அந்தச் சத்தத்தின் பொருள், தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே. காரின் இருக்கையில் தலை மார்பின் மேல் கவிழ்ந்தபடி இருப்பவருக்கு இது எளிதில் நேரும். பின்னிருக்கையில் ஏறி, அவருடைய தலையை இரு கைகளாலும் ஏந்தி, முகம் நேராக முன்னோக்கும்படி நிமிர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டால் போதும். சில நொடிகளில் அந்தச் சத்தம் அடங்கி மூச்சு சீராக வருவதைக் கேட்கலாம். கழுத்தும் அசையாமல் காப்பாற்றப்படுகிறது. கருவியோ மருந்தோ இல்லாமல், பட்டம் எதுவும் பெறாத ஒருவர் இரண்டு கைகளால் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. தரையில் கிடப்பவர் மூச்சு விட்டாலும் வாந்தி எடுத்தால், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி பலர் சேர்ந்து பக்கவாட்டில் புரட்டுங்கள்.

மூச்சே இல்லையென்றாலும், விட்டு விட்டு வாயைத் திறந்து திணறுவது மட்டும் இருந்தாலும், மார்பின் நடுவே இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். களைப்பு விரைவில் வந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

உங்கள் கேள்வியில் வருபவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர் என்பதால் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். சாலை விபத்துகளில் உலகெங்கும் ஓராண்டில் இறந்தவர்கள் 2021இல் சுமார் 11.9 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்கள். மூச்சு ஒழுங்காக வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். முன் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாந்தி அடைக்கிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் தனியாக இழுக்காமல், ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் அகலப் பிரித்து மெல்ல உருவ வேண்டும். எழுப்பி உட்கார வைப்பதும், கைகால்களைப் பிடித்துத் தூக்குவதும், தண்ணீர் கொடுப்பதும் நல்லெண்ணத்தில் நடக்கும் கேடுகள். தீப்பிடித்தால், அல்லது வண்டிகளின் பாதையிலிருந்து எப்படியும் காக்க முடியாது என்றால் மட்டுமே இழுத்து நகர்த்துங்கள். ஆம்புலன்ஸே வர வழியில்லாத இடத்தில், ஒரு பலகை அல்லது கதவின் மேல் மல்லாத்தி, ஒருவர் தலையை நேராகப் பிடித்தபடி வர, நீளமான வண்டியில் கொண்டுபோகலாம்.

பழியைப் பற்றிய உங்கள் அச்சத்துக்குச் சட்டம் பல நாடுகளில் பதில் சொல்லிவிட்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் உரிமையியல், குற்றவியல் வழக்கு எதுவும் வராமல் காக்கின்றன. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் மாகாணங்களிலும் இத்தகைய பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. சீனாவும் 2017இல் கொண்டுவந்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் நிலைமை தலைகீழ்: தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போவதே அங்கே குற்றம், பிரான்சில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நீங்கள் வாழும் நாட்டின் விதியை ஒருமுறை படித்து வையுங்கள். இரவில், ஆளரவமற்ற இடத்தில், இறங்குவது பாதுகாப்பில்லை என்று உள்ளுக்குள் பட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று ஆம்புலன்ஸுக்குப் பேசுங்கள். அதுவும் உதவியே, அதற்காகக் கூச வேண்டியதில்லை.

கடைசியாக, கண்ணை விட்டுப் போகாத அந்தக் காட்சி. நின்று உதவியவர்களுக்கும் இது வரும், கடந்து போனவர்களுக்கும் வரும். சில நாட்கள் தூக்கம் கெடுவதும், அதே சாலையில் கை நடுங்குவதும் இயல்பானவை. நெருங்கிய ஒருவரிடம் நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் இதே நிலை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்தக் காரைப் பற்றி நினைவிருப்பதை இன்றே ஒரு தாளில் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், நிறமும் திசையும்கூட விசாரிப்பவருக்குப் பயன்படும். அருகில் முதலுதவிப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று விசாரித்து ஒரு நாள் போய் வாருங்கள். பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துவது எப்படியிருக்கும் என்பதை அங்கேதான் கை கற்றுக்கொள்ளும்.